முப்பதாம் நம்பர் மலைக்கு ஒரு முழுப் பேர்

இந்த முப்பதாம் நாள் நினைவுக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் மதிப்புக்குரிய லோரன்ஸ் அடிகளார் அவர்களே, எனக்குப் பக்கத்தில் அமர்ந்து, நான் எவ்வளவு நேரம் எடுக்கப்போகிறேன் என்று இப்போதே கைக்கடிகாரத்தைப் பார்க்கும் ஜமால்தீன் ஹாஜியார் அவர்களே, முன்வரிசையில் வெள்ளைச் சேலையில் அமர்ந்திருக்கும் றோசலின் அக்கா அவர்களே, ரெயில்வே சகோதரர்களே, சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து இந்தத் தூறலில் நனைந்து வந்திருக்கும் தாய்மாரே, தகப்பன்மாரே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கமும் ஸலாமும். கதிரை கிடைக்காமல் பின்னால் நிற்பவர்கள் சுவர் ஓரமாக முன்னுக்கு வாருங்கள். நான் சொல்லப்போவதில் சிரிக்கவேண்டிய இடங்களும் இருக்கின்றன. தூரத்தில் நின்றால் கேட்காது.

என் பெயர் ஸுஹைர். ராகலையில் கிழங்கு மண்டி வைத்திருக்கிறேன். எனக்குப் புகழ்ந்து பேசிப் பழக்கமில்லை. மூட்டையில் அழுகல் இருந்தால், இருக்கிறது என்று சொல்லித்தான் விற்பேன். ஆகவே இந்த மனிதரைப் பற்றியும் அப்படித்தான் பேசுவேன்.

யார் இந்த மனிதர்? பட்டிப்பொல ஸ்டேசனில் பதினோரு வருடம் பச்சைக் கொடி பிடித்த ஸ்டேசன் மாஸ்டர் என்று உங்களில் பாதிப் பேர் சொல்வீர்கள். கோவில் பாட்டுக் குழுவில் சுருதி தவறினாலும் குரல் தவறாமல் பாடிய மரியரட்ணம் என்று மீதிப் பாதி சொல்வீர்கள். இரண்டும் சரி. ஆனால் எங்கள் மூன்று பேருக்கு அவர் இன்னொன்று. அவர் முப்பதாம் நம்பர் மலையின் கணக்கப்பிள்ளை. மண்ணுக்கும் மூட்டத்துக்கும் உறைபனிக்கும் வெட்டுப்புழுவுக்கும் பேர் கூப்பிட்டுப் பெரட்டு எடுத்த ஒரே மனிதர்!

முழிக்காதீர்கள். அது எந்தத் தோட்டத்தில் என்று பின்வரிசையில் இருக்கும் அழகுமுத்து அண்ணன் தேடவேண்டாம். இந்தப் பக்கத்துத் தோட்டத்தில் இருபத்தொன்பது மலைதான், அதாவது நம்பர் போட்ட தேயிலைத் துண்டுதான், உண்டு. முப்பதாவதை மாஸ்டர் தன் குவாட்டர்ஸ் மேசைமேல் உண்டாக்கினார்.

எழுபத்தெட்டாம் வருடம் என்று நினைக்கிறேன். ஹோர்ட்டன் சமவெளிக்கு நடந்துபோன ஒரு வெள்ளைக்காரப் பையன் வெயிட்டிங் ரூமில் ஒரு பெட்டியை விட்டுவிட்டுப் போய்விட்டான். மாஸ்டர் பெட்டிமேல் இருந்த விலாசத்துக்குக் கடிதம் போட்டார். நாலு மாதம் கழித்துப் பதில் வந்தது, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று. உள்ளே என்ன? ஒரு புத்தகம், ஒரு பை நிறையப் பகடைகள். நாம் பார்த்த ஆறு பக்கப் பகடை இல்லை. எட்டுப் பக்கம், பன்னிரண்டு பக்கம், இருபது பக்கம். மாஸ்டரின் மனைவி றோசலின் அக்கா முதலில் அதைக் கோர்த்து மாலை போடும் மணி என்று நினைத்தாராம்.

அது ஒரு ஆட்டம். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு ஆளாகக் கதைக்குள் போய், இப்போது நான் இதைச் செய்கிறேன் என்று சொல்வார்கள். செய்தது பலித்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். அவ்வளவுதான். அந்தப் புத்தகத்தில் எல்லோரும் வாளும் கேடயமும் எடுத்துக்கொண்டு குகைக்குள் போய்ப் பூதத்தோடு சண்டை போடுகிறார்கள். மாஸ்டர் அதை அகராதி வைத்து முழுக்கப் படித்தார். படித்துவிட்டு, தண்டவாளப் பாதையில் வேலை பார்க்கும் நம் சிவசாமியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஏன் சிவசாமி, இவ்வளவு பேரும் குகைக்குள்ளயே கெடக்காங்களே, இவங்களுக்கு யாரு சோறு போடுறா?"

அந்தக் கேள்வியில் பிறந்ததுதான் முப்பதாம் நம்பர் மலை. அந்த வீரர்கள் தின்னும் கிழங்கும் இலை மூடும் கோவாவும் லீக்ஸும் எங்கே விளைகிறதோ, அந்த இடம். அங்கே வாள் கிடையாது, மண்வெட்டி உண்டு. பூதம் கிடையாது, ஆனால் சாமிகள் உண்டு. எல்லாம் விளைச்சல் சாமிகள். மூன்று நாள் வந்தால் முப்பது நாள் போகாத மூட்டக்காரன். மண்ணுக்குக் கறுப்புமடி. உருளைக்கிழங்குக்குக் கண் இருக்கிறதே, அந்தக் கண்கள் வழியாக மண்ணுக்குள் பார்த்துக்கொண்டிருக்கும் முளைக்கண்ணி. தை மாதம் வெறுங்காலோடு வந்து, மிதித்த இடத்தையெல்லாம் கருக்கிவிட்டுப் போகும் வெள்ளைப்பாதம்.

நான் எப்படி இதில் மாட்டினேன்? கேப்பெட்டிப்பொல பக்கமிருந்து கிழங்கை லொறியில் கொண்டுவந்து இங்கே கூட்ஸ் கோச்சியில் ஏற்றுவது அந்தக் காலத்தில் என் வழக்கம். ஒரு நாள் மண்சரிந்து ரெயில் பாதை அடைபட்டுவிட்டது. நாற்பது மூட்டையோடு நான் பிளாட்பாரத்தில் நிற்கிறேன். குளிர் எலும்பைத் தேடுகிறது. மாஸ்டர் தேத்தண்ணி குடிக்கக் கூப்பிட்டார். போனேன். மேசையில் சிவசாமியும், பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் வேலாயியும் உட்கார்ந்து மூட்டக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒரு பகடையைக் கையில் கொடுத்து, "நீங்க முதலாளி, உங்களுக்கு ஒரு பாத்தி தாரேன், என்ன போடப்போறீங்க?" என்று மாஸ்டர் கேட்டார். கிழங்கு என்றேன். அன்று மூன்று மணிக்கு உட்கார்ந்தவன், கோச்சி வந்து மூட்டை ஏறிவிட்டது என்று வந்து சொன்னபிறகும் எழும்பவில்லை.

அந்த ஆட்டத்தில் மந்திரம் எப்படி நடக்கும் தெரியுமா? இங்கேதான் மாஸ்டருடைய மூளை. புத்தகத்தில் புரியாத பாஷையில் முணுமுணுத்தால் நெருப்பு வரும் என்று போட்டிருந்தது. மாஸ்டர் அதை வெட்டிவிட்டார். முப்பதாம் நம்பர் மலையில் மந்திரம் ஒன்றே ஒன்று. பேர்.

தோட்டத்துச் சனத்துக்கு விளக்கவேண்டியதில்லை. டவுன்காரர்களுக்காகச் சொல்கிறேன். காலையில் வேலைக்கு வந்தவர்களைக் கணக்கப்பிள்ளை பேர் கூப்பிட்டு எடுப்பது பெரட்டு. ஒரு நாள் முழுக்க வேலை செய்தால் செக்ரோல் என்ற பதிவுக் கொப்பியில் ஒரு பேர் விழும். பாதி நாள் என்றால் அரைப் பேர். அதே சட்டம்தான் அங்கேயும். நாங்கள் ஒவ்வொரு சனிக்கிழமையும் கதைக்குள் ஒரு நாள் வேலை செய்வோம், ஒரு பேர் கிடைக்கும். அதை நம் பாத்திக்கே வைத்துக்கொள்ளலாம், அல்லது ஒரு சாமிக்குக் கொடுக்கலாம். கறுப்புமடிக்கு ஒரு பேர் கொடுத்தால் மண் ஒரு நாள் உனக்காக வேலை செய்யும். வெள்ளைப்பாதத்துக்குக் கொடுத்தால் அவள் ஒரு இரவு உன் மலையை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போவாள். சாமிகளும் காலையில் பெரட்டுக் களத்தில் வரிசையாக வந்து நிற்கவேண்டும். கணக்கப்பிள்ளை கூப்பிட, வந்தேன் என்று சொல்லவேண்டும். நினைத்துப் பாருங்கள், உறைபனி பெரட்டுக்கு வந்து கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது! அதைப் பார்ப்பதற்காகவே வேலாயி தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து மூன்று மைல் நடந்து வருவாள்.

இனி ஒரு வழக்கைச் சொல்லவேண்டும். வழக்குப் போட்ட இருவரும் மேடையில்தான் இருக்கிறார்கள். அப்போது லோரன்ஸ் அடிகளார் இங்கே புதிது. கத்தோலிக்க வீட்டில் சனிக்கிழமை தோறும் புதிது புதிதாகச் சாமி செய்கிறார்களாம் என்று யாரோ அவர் காதில் போட்டுவிட்டார்கள். அதே வாரம் ஹாஜியார் என்னைப் பள்ளிவாசல் வாசலில் நிறுத்தி, "மகன் ஸுஹைர், நீ கிழங்குக்கு நெத்தி வச்சு ஸுஜூது செய்றியாமே?" என்று கேட்டார். இல்லை ஹாஜியார், கிழங்குக்குப் பேர்தான் போடுறேன் என்றேன். அது அவருக்கு இன்னும் மோசமாகப் பட்டது.

இருவரும் ஒரே சனிக்கிழமை ஒரே நேரத்தில் குவாட்டர்ஸ் வாசலில் வந்து நின்றார்கள். வேறொருவர் என்றால் பெட்டியைத் தூக்கிப் பரணில் போட்டிருப்பார். மாஸ்டர் என்ன செய்தார்? உட்கார வைத்தார், முழுக்கக் கேட்டார், தேத்தண்ணி எடுத்து வருகிறேன் என்று சமையலறைக்குள் போனார். போனவர் வெறுங்கையோடு திரும்பி வந்தார். வந்து சொன்னார்: "ஃபாதர் சொல்றது நியாயம். ஹாஜியார் சொல்றதும் நியாயம். ஒரு வார்த்தையை மாத்திர்றேன். இவங்க யாரும் சாமி இல்ல. கங்காணிங்க. பெரிய தொரை ஒருத்தர் மேல இருக்காரு, அவரை யாரும் பார்த்ததில்ல. இவங்க அவரு வச்ச ஆளுங்க."

அடிகளார் யோசித்தார். ஹாஜியார் யோசித்தார். குற்றம் சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. ஆட்டம் தொடர்ந்தது. அதன்பிறகு ஹாஜியார் சரியாக நடக்கிறதா என்று பார்க்க மாதம் ஒருமுறை வருவார். மூன்றாவது மாதம், முளைக்கண்ணிக் கங்காணிக்குச் சளி பிடித்ததே, சுகமா என்று கேட்டார். ஹாஜியார், தலையைக் குனியாதீர்கள். நீங்கள் கேட்டது எங்களுக்கெல்லாம் சந்தோஷம்தான்.

ஆனால் அந்த ஒரு வார்த்தை மாறியதால் எங்கள் மலையே மாறியது. அதை முதலில் கண்டுபிடித்தது வேலாயி. "சாமின்னா கும்பிட்டுட்டு வந்துருவோம். கங்காணின்னா கேள்வி கேப்போம்ல" என்றாள். கேட்டாள். மூட்டக்காரன் எங்கள் பாத்திமேல் ஐந்து சனிக்கிழமை படுத்துக் கிடந்தபோது, இனி எந்தக் கங்காணிக்கும் பேர் கிடையாது என்று ஸ்ட்ரைக் அறிவித்தாள். கடவுளரை எதிர்த்து வேலை நிறுத்தம் செய்த தொழிலாளர் வேறெங்காவது உண்டா? தொழிற்சங்கக்காரரே, உங்கள் சங்கத்தில் உண்டா? மூன்று வாரம் மண்வெட்டியைத் தொடவில்லை. கடைசியில் மூட்டக்காரனே இறங்கி வந்து மேசையில் உட்கார்ந்தான். மாஸ்டர் கழுத்தில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு, மூட்டக்காரன் குரலில், இழுத்து இழுத்துப் பேசினார்: "நான் என்ன செய்றது பிள்ள, என்னையும் ஒருத்தன் தள்ளுறானே, காத்துக் கங்காணி." அன்று அவர் பேசிய பேச்சில், மூட்டத்துக்காக நாங்கள் பரிதாபப்பட்டு எழும்பினோம்.

இதெல்லாம் விளையாட்டு, இதில் சேவை எங்கே என்று கேட்பீர்கள். நான் லாபம் இல்லாத இடத்தில் எட்டு வருடம் உட்கார்ந்திருப்பேனா? மாஸ்டருக்கு ஒரு பழக்கம். ஸ்டேசனில் ஒவ்வொரு நாளும் குளிர், மழை, மூட்டம் எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதுவார். அந்த வாரத்துப் பட்டிப்பொல வானம்தான் சனிக்கிழமை முப்பதாம் நம்பர் மலையின் வானம். மூன்று நாள் விடாமல் மூட்டமும் தூறலும் இருந்து, நடுவில் கொஞ்சம் வெதுவெதுப்பும் வந்தால், நாலாம் நாள் கதையில் கிழங்கு இலை கருகும். ஒருமுறை இருமுறை இல்லை, பத்துமுறை என் பாத்தி கருகியது. பதினோராவது முறை நான் ராகலையில் என் கடை வாசலில் நின்று வானத்தைப் பார்த்தேன். மூன்று நாள் மூட்டம். வெதுவெதுப்பு. எனக்குக் கிழங்கு போடும் ஆட்களுக்கு அன்றே ஆள் அனுப்பினேன், கிளறி எடுங்கள் என்று. சிரித்தார்கள். பேச்சைக் கேட்டவர்கள் சின்னக் கிழங்கென்றாலும் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். கேட்காதவர்கள் கருகிய தண்டைக் கொண்டுவந்தார்கள். அடுத்த வருடத்திலிருந்து அவர்களே வானத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். இது சேவை இல்லையா?

அழுகலையும் சொல்கிறேன் என்றேன் அல்லவா, சொல்கிறேன். மண்ணையும் மழையையும் பேரைச் சொல்லிக் கூப்பிட்ட இந்த மனிதரால் தன் வீட்டுப் பின்னால் ஒரு லீக்ஸ் வளர்க்க முடியவில்லை. அவர் நட்ட லீக்ஸ் அறுகம்புல்லைப் பார்த்து ஏங்கும். அவருடைய கோவா மூடுவதற்குள் பூத்துவிடும். கிழங்கைத் தோண்டினால் நட்ட கிழங்கே தனியாக வெளியே வரும். கேட்டால், "நான் கணக்கப்பிள்ளை, வேலைக்காரன் இல்ல" என்பார். அந்தத் தோட்டத்தில் உருப்படியாக விளைந்தது றோசலின் அக்கா நட்டது மட்டும்தான். இதை நினைவில் வையுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

எண்பத்திரண்டில் வேலாயிக்கு இந்தியா போகக் கடிதம் வந்தது. பாஸ்போட்டில் முத்திரை விழுந்துவிட்டது. புருஷன், பிள்ளைகள், தகரப் பெட்டி, அம்மி எல்லாவற்றோடும் இதே ஸ்டேசனில் ஏறினாள். மாஸ்டர் பணியில் இருந்தார். கொடியை வலது கையில் பிடித்தபடி அவளைப் பார்க்காமல் எஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்தார். கோச்சி நகர்ந்தபிறகு ஜன்னலில் தலையை நீட்டி அவள் சத்தம் போட்டாள்.

"மாஸ்டர், எம் பேரை வெட்டிராதீங்க."

தோட்டத்தில் பேர் வெட்டுவது என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். ஆள் இல்லை என்றாகிவிடும். மாஸ்டர் வெட்டவில்லை. அடுத்த சனிக்கிழமை பெரட்டில் வேலாயி என்று கூப்பிட்டார். அவரே, "மலையில இருக்கா" என்று சொல்லி ஒரு பேர் போட்டார். நாலு வருடம், ஒவ்வொரு சனிக்கிழமையும், மலையில இருக்கா. ஆறு மாதத்தில் கோத்தகிரியிலிருந்து கடிதம் வந்தது: எம் பாத்தியில லீக்ஸ் போடுங்க, வெட்டுப்புழுக் கங்காணிக்கு அரைப் பேர் போதும். மாஸ்டர் அவளுக்காகப் பகடை உருட்டி, விழுந்ததைக் கடிதத்தில் எழுதினார். தபால் போய்த் திரும்ப ஒன்றரை மாதம். எங்கள் கிழங்கு நாலு மாதத்தில் விளைந்தால் வேலாயியின் லீக்ஸ் இரண்டு வருடம் விளைந்தது. போன கடிதத்தில் எழுதியிருக்கிறாள், அங்கே லயத்துப் பெண்களைச் சேர்த்துப் பெரட்டு தொடங்கிவிட்டாளாம். காட்டெருமைக் கங்காணி ஒருவன் புதிதாகச் சேர்ந்திருக்கிறானாம், சொன்ன பேச்சுக் கேட்கிறானில்லையாம்.

எண்பத்துமூன்று ஆடி மாதக் கலவரத்தைப் பற்றி நான் நீட்டிப் பேசமாட்டேன். இந்த மண்டபத்தில் இருக்கும் எல்லோரும் அதைக் கடந்து வந்தவர்கள்தான். மூன்று சனிக்கிழமை ஆட்டம் இல்லை. நாலாவது சனிக்கிழமை போனோம். மாஸ்டர் பகடையை எடுக்கவில்லை. செக்ரோலை மட்டும் திறந்து ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டார். சிவசாமி. இருக்கேன். ஸுஹைர். இருக்கேன். பிறகு கங்காணிகள் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, ஒவ்வொருவருக்கும் அவரே, இருக்கேன் என்றார். கொப்பியை மூடினார். எல்லோரும் இருக்கிறோம் என்பது தெரிய எங்களுக்கு அது ஒன்றுதான் வழியாக இருந்தது. சிவசாமிதான் கடைசியில், "அப்ப என் கோவாவுக்கு மூணு வாரமா யாரு தண்ணி ஊத்துனது?" என்று கேட்டு எங்களைச் சிரிக்க வைத்தான்.

இனி நான் செய்த தவறுக்கு வருகிறேன். இதைச் சொல்லாமல் இந்த மேடையிலிருந்து இறங்கினால் எனக்குச் சோறு இறங்காது.

போன மாதம், தை பிறந்து முதல் சனிக்கிழமை. வானம் பீங்கான் மாதிரித் துடைத்துக் கிடந்தது. அப்படி இருந்தால் என்ன வரும்? உறைபனி வரும். கதையில் எங்கள் எல்லோருடைய கிழங்கும் ஒரே பள்ளத்தில், வேலாயியின் இரண்டு வருட லீக்ஸும் பக்கத்தில். அன்று வெள்ளைப்பாதத்துக்குப் பேர் கொடுக்கவேண்டிய முறை என்னுடையது. கையில் ஒரே ஒரு பேர். நான் என்ன செய்தேன்? மண்டிக்காரன் அல்லவா, பேரம் பேசினேன். வெள்ளைப்பாதத்துக்கு அரைப் பேர், மற்ற அரைப் பேர் முளைக்கண்ணிக்கு, கிழங்கு பெருக்கட்டும் என்றேன்.

சிவசாமி தலையில் கை வைத்தான். மாஸ்டர் சிரித்தார். "முதலாளி, அரைப் பேருக்கு அவ பாதி ராத்திரி வரைக்கும்தான் ஒதுங்கி நிப்பா. உறைபனி எப்ப விழும்?" என்று கேட்டார். விடியுமுன். இந்த மலையில் பிறந்த கைப்பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் பேசியாகிவிட்டது, செக்ரோலில் எழுதியாகிவிட்டது.

உறைபனி விழுமா என்று பார்க்க மாஸ்டர் இருபது பக்கப் பகடையை உருட்டினார். அது நிற்பதற்குள் ஸ்டேசன் மணி அடித்தது. அவர் குடித்து முடித்த தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துப் பகடைமேல் கவிழ்த்தார். "யாரும் தொறக்கக்கூடாது. அடுத்த பெரட்டுல பார்ப்போம்" என்று சொல்லித் தொப்பியை மாட்டிக்கொண்டு போனார். அடுத்த புதன்கிழமை காலை, பதுளைக் கோச்சிக்குப் பாதை அனுமதி வளையத்தைக் கொடுத்து, பச்சைக் கொடி காட்டி, கடைசிப் பெட்டி வளைவில் மறையும்வரை நின்று பார்த்து, பெஞ்சில் உட்கார்ந்தார். எழும்பவில்லை. யாரையும் காக்க வைக்காமல், எந்த வண்டியையும் தாமதப்படுத்தாமல் போனார்.

கோப்பை இன்னும் அந்த மேசையில் கவிழ்ந்தபடியே இருக்கிறது. ஒரு மாதத்துக்கு மேலாக.

மாத முடிவில் குவாட்டர்ஸைக் காலி செய்யவேண்டும். புது மாஸ்டர் வருகிறார். றோசலின் அக்கா ராகலையில் தங்கை வீட்டுக்குப் போகிறார். போன வாரம் என்னையும் சிவசாமியையும் கூப்பிட்டார். நாற்பத்தொரு கொப்பி ஒரு தகரப் பெட்டியில் இருந்தது. "இதை அடுப்புக்குப் போடவா, இல்ல நீங்க நடத்துவீங்களா? கோப்பையைத் தொறக்கவா, கழுவி வைக்கவா? முப்பதாம் நாளைக்குள்ள முடிவு சொல்லுங்க" என்றார். இன்றுதான் முப்பதாம் நாள்.

சிவசாமி உடனே என்னைக் காட்டினான், முதலாளிதான் கணக்கப்பிள்ளையாக இருக்கவேண்டும் என்று. யோசித்துப் பாருங்கள். உறைபனியோடு பேரம் பேசினவனிடம் மழையையும் காற்றையும் ஒப்படைக்கலாமா? இரண்டே வாரத்தில் மூட்டத்தை மூட்டை கட்டி விற்றுவிடுவேன். சிவசாமிக்குச் சிரிப்பை அடக்கத் தெரியாது, பகடை உருளும்போதே முகத்தில் விடை தெரிந்துவிடும். வேலாயியைக் கேட்கலாமென்றால் பதில் வர ஒன்றரை மாதம். அப்படியானால் முப்பதாம் நம்பர் மலை மரியரட்ணம் மாஸ்டரோடு முடிந்துவிட்டதா?

கவலையில் நான் அக்காவிடம் கேட்டேன், கோப்பைக்குள் என்ன விழுந்திருக்கும் என்று. அக்கா சாதாரணமாகச் சொன்னார்.

"நான் அன்னைக்கே பார்த்துட்டேன்."

என்ன விழுந்தது அக்கா என்றேன். சொல்லவில்லை. ஒரு மூட்டை கிழங்கு தருகிறேன் என்றேன். சிரித்தார். இரண்டு மூட்டை என்றேன். "பெரட்டுக்கு வாங்க, சொல்றேன்" என்றார்.

சபையோரே, அப்போதுதான் இந்த மரமண்டைக்கு வெளித்தது. எட்டு வருடமாகப் பெரிய முடிவு எதுவென்றாலும் மாஸ்டர் தேத்தண்ணி எடுக்கப் போகிறேன் என்று சமையலறைக்குப் போவார். தேத்தண்ணி இல்லாமல் திரும்பி வருவார். சாமியைக் கங்காணியாக்கிய அன்றும் வெறுங்கை. மூட்டக்காரன் சமாதானத்துக்கு வந்த அன்றும் வெறுங்கை. சமையலறையில் யார் இருந்தார்? நாங்கள் வானத்துக்குப் பேர் கொடுத்துக்கொண்டிருந்தோம். வானம் உள்ளே ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தது! கேட்டேன். அக்கா ஒத்துக்கொண்டார்: "அவருக்கு மனசு எளகல். எல்லாருக்கும் நல்ல மழையே குடுக்கப் பார்ப்பாரு. வெள்ளைப்பாதம் மட்டும் நாந்தான் பார்த்துக்கிட்டேன்."

உண்மையில் விளைய வைக்கத் தெரிந்தவர், ரகசியத்தைக் காக்கத் தெரிந்தவர், இரண்டு மூட்டைக்கும் மசியாதவர். இந்த மலைக்குக் கணக்கப்பிள்ளையை இனியும் தேடவேண்டுமா?

ஆகவே என் முடிவைச் சபையறியச் சொல்கிறேன். அடுப்புக்கு ஒரு கொப்பியும் போகாது. தகரப் பெட்டி என் லொறியில் ராகலைக்கு வரும். கடையின் மேல்மாடியில் கிழக்கு ஜன்னல் அறையைச் சனிக்கிழமைகளுக்கு ஒதுக்கிவிட்டேன். மேசை வரும். கோப்பையும் வரும், கவிழ்ந்தபடியே, ஒரு தட்டில். சிவசாமி அதை மடியில் வைத்துக்கொண்டு வருவான். வழியெல்லாம் வளைவு, ஆகவே டிரைவரை நடக்கும் வேகத்தில் ஓட்டச் சொல்லியிருக்கிறேன். மாஸ்டர் செய்ததுபோல் ஒவ்வொரு நாளும் குளிரையும் மழையையும் கொப்பியில் எழுதுவதை நான் ஏற்கிறேன். வேலாயிக்குக் கடிதம் இன்று காலையே போட்டாயிற்று. செய்தியை எழுதினேன். உன் பேர் வெட்டப்படவில்லை என்றும் எழுதினேன்.

இன்னொன்று. என் அரைப் பேரை நான் முழுப் பேராக்குகிறேன். முளைக்கண்ணிக்குக் கொடுத்த பாதியைத் திருப்பி எடுத்து வெள்ளைப்பாதத்துக்கே தருகிறேன், இத்தனை பேர் சாட்சியாக. கோப்பை திறக்குமுன் கொடுத்தால் செல்லுமா? சட்டம் தெரிந்தவர் முன்வரிசையில் இருக்கிறார். அக்கா, செல்லுமா?

என்ன? சத்தமாகச் சொல்லுங்கள், பின்னால் கேட்கவில்லை.

"பெரட்டுக்கு நேரத்தோட வந்தா செல்லும்" என்கிறார்.

கேட்டீர்களா? புதுக் கணக்கப்பிள்ளை பொறுப்பெடுத்துவிட்டார். இனி என் வேலை ஒன்றே ஒன்று. அடிகளார் ஜெபம் சொல்லுமுன் ஒரு நிமிடம் கொடுங்கள், இந்த மண்டபத்திலேயே பெரட்டு எடுத்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். வழக்கமாகக் கூப்பிடும் குரல் இல்லை, என் குரலைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிவசாமி. இருக்கான், முழுப் பேர்.

ஸுஹைர். இருக்கேன். இந்த வாரம் பேர் கிடையாது, கொடுத்துவிட்டேன்.

வேலாயி. மலையில இருக்கா. முழுப் பேர்.

மூட்டக்காரன். வெளியே ஜன்னலில் பாருங்கள், நேரத்துக்கே வந்திருக்கிறான்.

வெள்ளைப்பாதம். முன்வரிசையில். முழுப் பேர்.

மரியரட்ணம்.

மலையில இருக்காரு. முழுப் பேர்.